தள்ளாட்டத்துக்கு எத்தனை சொல்

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். சாய்ந்தமருது பிரதான வீதியில் ஒரு பழக்கடைப் பந்தலுக்குக் கீழே குடையை மடக்கிக்கொண்டு நின்றேன். கணவர் பள்ளிவாசலிலிருந்து வந்ததும் இருவருமாக ஓட்டோ பிடித்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதாக இருந்தோம்.

தூரத்தில் அவருடைய வெள்ளைத் தொப்பி தெரிந்தது. கால்களை அகல வைத்து, ஒவ்வோர் அடிக்கும் நிலம் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதுபோல வந்தார். சந்தியில் திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் போனது, கால்கள் மற்றப் பக்கம் போயின. மின்கம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

என் பக்கத்தில் ஒருவர் வத்தகப்பழத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்தப் பக்கம் பார்த்தார். கடைக்காரரிடம் சொன்னார்: "பாருங்களேன். வெள்ளிக்கிழமையும் போட்டுட்டுத்தான் வாறார்."

கடைக்காரருக்கு என்னைத் தெரியும். அவருடைய மகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். அவர் வாயைத் திறக்காமல் கண்ணால் என்னைக் காட்டினார். பழம் பார்த்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பழத்தை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் வீதியைக் கடந்து போய்க் கணவரின் கையைப் பிடித்தேன். எங்கள் ஊரில் ஒரு டீச்சர் நடுவீதியில் புருசனின் கையைப் பிடிப்பதில்லை. அன்று பிடித்தேன். 

"கல்யாண வீட்டுக்கு வேணாம்," என்றார். "வீட்ட போவம்."

எழுதலாமா என்று கேட்டேன்

இந்தத் தொடரில் என் முதல் பாடசாலையைப் பற்றி எழுதினேன், உம்மாவைப் பற்றி எழுதினேன், ஒலுவிலில் கடல் தின்றுவிட்ட எங்கள் தென்னங்காணியைப் பற்றியும் எழுதினேன். கணவரை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தேன். சென்ற கிழமை அவரிடமே கேட்டேன்.

இப்போது அவருடைய பேச்சு மெதுவானது. ஒவ்வொரு சொல்லும் நாக்கில் ஒட்டிக்கொண்டு பிறகு வெளியே வரும். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க நான் பழகிவிட்டேன்.

"எழுதுங்க டீச்சர்," என்றார். வீட்டிலும் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "எண்ட கதைய மட்டும் எழுதாதீங்க. காக்காட கதையையும் சேத்து எழுதுங்க."

காக்கா என்றால் அவருடைய அண்ணன். அதனால் இது இரண்டு பேரின் கதை.

வரம்பிலிருந்து

என் கணவர் ஜவாத் வேளாண்மைக்காரர். வாப்பா விட்டுப்போன வயலை அண்ணன் தம்பி இருவருமாகச் செய்துவந்தார்கள். இவர் வரம்பில் நடப்பதை நான் கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறேன். ஒரு பாதம் மட்டுமே வைக்கக்கூடிய வரம்பில், தோளில் மண்வெட்டியோடு, என்னைத் திரும்பிப் பார்த்துக் கதைத்துக்கொண்டே போவார். நான்தான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி நிற்பேன்.

அந்த வரம்பிலிருந்துதான் அவர் முதலில் விழுந்தார். சேறு பூசிய சாரனோடு வீட்டுக்கு வந்து, "வழுக்கிட்டு," என்றார். அடுத்த போகத்தில் மறுபடியும் வழுக்கியது. அப்போது வரம்பு காய்ந்து கிடந்தது.

பிறகு தேநீர்க் கோப்பை கையில் ஆடத் தொடங்கியது. சட்டையில் பொத்தான் போட நேரமெடுத்தது. தொலைபேசியில் கேட்பவர்கள் "என்ன ஜவாத், நித்திரையால எழும்பின மாதிரிக் கதைக்கீங்க?" என்றார்கள். வைத்தியசாலைக்குப் போனோம். பிரஷர் பார்த்தார்கள். சத்துக் குளிசை தந்தார்கள். ஒரு வைத்தியர் குரலைத் தாழ்த்தி, "இவர் பாவிக்கிறவரா?" என்று என்னிடம் கேட்டார். எதைப் பாவிப்பதென்று அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

எட்டாம் வகுப்பில்

ஆங்கிலத்தில் நடையைச் சொல்லும் வினைகள் ஏராளம். அதிலும் சரியாக நடக்க முடியாதவனின் நடைக்கு அவர்களிடம் ஒரு பெட்டி நிறையச் சொற்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் அந்தப் பாடம் வரும்போது என் வகுப்பில் சிரிப்புக்குக் குறைவிருக்காது. பிள்ளைகளை எழுப்பி நடந்து காட்டச் சொல்வேன்.

ஒரு காலை இழுத்து நடந்தால் லிம்ப். நோவோடு முக்கி முக்கி நடந்தால் ஹொபிள். பாதத்தைத் தூக்காமல் தரையில் தேய்த்துக்கொண்டு போனால் ஷஃபிள். கல்லில் இடறித் தடுமாறினால் ஸ்டம்பிள். கிழவரும் நடை பழகும் குழந்தையும் விழப்போவதுபோல அடி வைத்தால் டொட்டர். பஸ் திடீரென்று இழுக்கும்போது உடம்பு முழுவதும் ஒரு பக்கம் சரிந்தால் லேர்ச். நின்ற இடத்திலேயே அசைந்தால் ஸ்வே. அடிபட்டவனும், பாரம் தாங்காதவனும், குடித்தவனும் கால் தடம்மாறிப் போனால் ஸ்டாகர்.

தமிழில் சொல் இல்லையென்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. தடுமாறு, இடறு, நொண்டு, தத்து, தளர்நடை என்று நம்மிடமும் நிறைய உண்டு. ஆனால் ஊர் வாயில் புழங்குவது ஒன்றுதான். ஒரு ஆம்பிளை தள்ளாடுகிறான் என்றால் எங்கள் ஊரில் அதற்குப் பிறகு விளக்கம் கேட்கமாட்டார்கள். அவன் கிழவனாக இருக்கவேண்டும், இல்லையென்றால் குடித்திருக்கவேண்டும். என் கணவருக்கு வயது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை.

பழக்கடைச் சம்பவம் நடந்து சில நாட்களில் அந்தப் பாடம் வந்தது. பயிற்சியில் ஒரு வசனம்: குடிகாரன் வீட்டுக்கு இப்படிப் போனான், இடைவெளியை நிரப்புக. வருடா வருடம் அந்த வசனத்துக்கு முழு வகுப்பும் ஒரே குரலில் ஸ்டாகர் என்று கத்தும். யாராவது ஒருத்தி எழுந்து போத்தல் பிடித்ததுபோல நடித்தும் காட்டுவாள்.

அன்று யாரும் வாய் திறக்கவில்லை.  முன்வாங்கில் இருந்த பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், வகுப்பில் முதலாம் பிள்ளையாக வருபவள் கையை உயர்த்தினாள்.

"வோக், டீச்சர்," என்றாள். நடந்தான்.

அவளுக்குச் சரியான விடை தெரியும். எல்லோருக்கும் தெரியும். நான் "சரி" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே எழுத எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஊர் முழுக்கப் பேசுகிறது என்பதை நான் அந்தப் பிள்ளையின் தவறான விடையில்தான் தெரிந்துகொண்டேன்.

வாயை மணந்து பாருங்க

அந்த மாதமே பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார்மார் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையான மனிதர்கள். நான் தேநீரும் தொதலும் வைத்தேன். மழையைப் பற்றிக் கதைத்தார்கள், உர விலையைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு மூத்தவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, கோபிக்கப்படாது. ஊருல ஒரு கதை அடிபடுது. காக்காட விசயமும் ஒங்களுக்குத் தெரியும். ஒரு பொம்புளப் புள்ளையும் வெச்சிரிக்கீங்க. அதான் நேர வந்து கேட்டிட்டுப் போவமெண்டு..."

கணவர் எழுந்தார். எழும்போது கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு மூத்தவரின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"மணந்து பாருங்க ஹாஜியார். எண்ட வாய மணந்து பாருங்க."

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் அப்படியே குனிந்து நின்றார். அவருடைய தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நான் தோளைப் பிடித்து இருத்தவேண்டியிருந்தது.

லத்தீப் காக்கா

காக்காவின் விசயம் என்று மரைக்கார் சொன்னது என்ன என்பதை இங்கே சொல்லவேண்டும்.

கணவரின் அண்ணன் லத்தீப் காக்கா உழவு இயந்திரம் ஓட்டியவர். மருதமுனையில் ஜெஸீமா மதினியைக் கட்டியிருந்தார். நல்ல சத்தமான மனிதர். எங்கள் வீட்டுக்கு வந்தால் குசினிவரைக்கும் சிரிப்புக் கேட்கும். நாற்பதை எட்டும்போது அவருடைய நடை மாறியது. நாக்குத் தடித்தது. ஒருநாள் உழவு இயந்திரத்தை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

காக்கா குடிக்கிறார் என்று ஊர் முடிவெடுத்தது. என் கணவரும் அதை நம்பினார். கோபக்கார மனிதர் இவர். ஹராமைத் தொட்ட அண்ணனோடு கதைக்கமாட்டேன் என்றார். வயலில் எதிர்ப்பட்டால் வேறு வரம்பில் இறங்கிப் போனார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதனால் பிரிவு வந்தால் வெளியே போகவேண்டியவனும் அவன்தான். மதினியின் சகோதரர்கள் வந்து கதைத்து, விசயத்தைக் காதியாரிடம் கொண்டுபோய் விவாகரத்தில் முடித்தார்கள். லத்தீப் காக்கா ஒரு பையோடு அந்த வீட்டிலிருந்து இறங்கினார். மகன் றிஸ்வான் அப்போது சின்னப் பிள்ளை.

வயலில் இருந்த காவல் வாடியில், தகரக் கூரைக்குக் கீழே, அவர் சில வருடங்கள் இருந்தார். சோறு கொடுத்தனுப்புவேன். பாத்திரம் கழுவித் திரும்பி வரும். ஒரு மாரியில் வாய்க்காலில் முகங்குப்புறக் கிடந்தார். குடித்துவிட்டு விழுந்தார் என்றார்கள். ஜனாஸாவுக்கு வந்தவர்கள் கொஞ்சம்தான். என் கணவர் வந்தார், மண் போட்டார், ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பினார்.

கண்டியில் கேட்ட கேள்வி

மரைக்கார்மார் வந்துபோன பிறகு நான் பிடிவாதமாக நின்று கணவரைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். நரம்பு வைத்தியர் சிங்களவர், நரைத்த புருவம், அமைதியான குரல். எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் கதைத்தோம்.

நான் குளிசைகளின் பெயரைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் பிறகு. இவர் எப்படி நடக்கிறார்? நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்."

ஸ்டாகர் என்ற சொல்தான் முதலில் நாக்குக்கு வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த வைத்தியரும் குடியைப் பற்றிக் கேட்பார் என்று பயம். வேறு சொல் தேடினேன். லிம்ப் இல்லை, இரண்டு காலும் ஒன்றுபோலத்தான். ஷஃபிள் இல்லை, பாதம் நன்றாக உயர்கிறது. ஸ்டம்பிள் இல்லை, எதிலும் இடறுவதில்லை. வைத்தியர் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் சொன்னேன். நிற்கும்போது ஸ்வே. நடக்கும்போது கால்களை அகல வைப்பார், ஓடும் தோணியில் நிற்பவரைப்போல. திரும்பும்போதுதான் ஸ்டாகர். எந்தப் பக்கமென்று சொல்ல முடியாது. "ஆனால் இவர் குடிப்பதில்லை, டொக்டர். ஒருநாளும் குடித்ததில்லை."

"நான் அதைக் கேட்கவே இல்லையே," என்றார் அவர்.

கணவரை எழுப்பி ஒரு கோட்டில் நடக்கவைத்தார். குதிகாலை மற்றக் கால் விரலோடு ஒட்டி வைக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே இவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூக்கைத் தொட்டுவிட்டுத் தன் விரலைத் தொடச் சொன்னார். கணவரின் விரல் வழியில் தத்தளித்தது. நாங்கள் கொண்டுபோன ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பின்மண்டையில் ஓர் இடத்தைக் காட்டினார். சிறுமூளை சுருங்கிப் போயிருக்கிறது என்றார்.

"குடும்பத்தில் வேறு யாராவது இப்படி நடந்தார்களா?"

தமிழில் கேட்டேன். கணவர் "இல்ல," என்றார். வாப்பா இளவயதிலேயே பாம்பு கடித்து மௌத்தானவர். உம்மா கடைசிவரை நேராகத்தான் நடந்தார். பிறகு கணவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "காக்கா நடந்த. அவர் குடிச்சிட்டுத்தானே நடந்த."

அப்படியே மொழிபெயர்த்தேன். அண்ணன் இதேபோல நடந்தவர், ஆனால் அது குடியினால்.

வைத்தியர் பேனையை மேசையில் வைத்தார். "அவர் குடித்ததை யாராவது கண்டார்களா?"

அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னேன். "காக்கா குடிச்சத ஆராச்சும் கண்டயாமா எண்டு கேக்கார்."

   கணவரின் இரண்டு கைகளும் மடியில் ஆடின. ஒரு கையால் மற்றதை அமத்திப் பிடித்தார். அப்போதும் ஆடின.

பரம்பரையாக வரும் நோய் என்றார் வைத்தியர். வாப்பாவுக்குள் இருந்திருக்கலாம், அது வெளியே தெரியுமுன் அவர் போய்விட்டார். மருந்தில்லை. பயிற்சிகள் உண்டு, விழாமல் பார்த்துக்கொள்ளலாம். நோய் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரலாம், வராமலும் விடலாம், இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. எங்களுக்கு ஒரே மகள், அஃப்ரா. வைத்தியர் இதைச் சொன்னபோது நான் கணவருக்கு மொழிபெயர்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மகியங்கனைப் பாதையில் பஸ் வளைவுகளில் இறங்கியது. நின்றவர்கள் எல்லோரும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கணவர் யன்னல் பக்கம் இருந்து அழுதுகொண்டு வந்தார். சத்தமில்லை. நான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன். அவர் தடுக்கவில்லை.

பள்ளிவாசலில்

வைத்தியர் சொன்னதை மரைக்கார்மாரிடம் விளங்கப்படுத்தினோம். நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். அடுத்த ஜும்ஆவில் கத்தீப், ஜவாதுக்கு நரம்பு வருத்தம் இருக்கிறது, துஆச் செய்யுங்கள் என்று அறிவித்தார். பழக்கடைக்காரர் ஒரு பை நிறைய மாம்பழம் கொடுத்தனுப்பினார்.

கணவருக்கு அது போதவில்லை. "காக்காட பேரயும் சொல்லுங்க," என்று கேட்டார்.

"மௌத்தானவர்ர கதைய இப்ப என்னத்துக்குத் தம்பி கிளறுவான்?" என்றார் மூத்த மரைக்கார். "அல்லாஹ் அறிவான்."

"ஊரும் அறியணும் ஹாஜியார்."

அவர்கள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அதனால்தான் கணவர் இங்கே எழுதச் சொன்னார்.

மகளிடம் நாங்கள் இருவருமாக இருந்து சொன்னோம். கேட்டுவிட்டு அறைக்குள் போனாள். நீண்ட நேரத்துக்குப் பிறகு வெளியே வந்து வாப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். இரத்தம் சோதிப்பதா வேண்டாமா என்று இன்னும் அவள் முடிவெடுக்கவில்லை. நான் கேட்பதுமில்லை. வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம்.

மருதமுனையில்

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜெஸீமா மதினியிடம் போனோம். றிஸ்வானும் காக்காவின் பிள்ளை. மதினி இதை அறியவேண்டும். பல வருடமாக நாங்கள் மிதிக்காத வாசல் அது. பக்கத்து வீட்டில் கைத்தறி தடதடத்துக்கொண்டிருந்தது. மதினி மெலிந்திருந்தார். கணவர் வோக்கரைப் பிடித்துப் படியேறுவதை வாசலில் நின்று பார்த்தார். அந்த நடையைப் பார்த்ததும் அவருடைய கை நெஞ்சுக்குப் போனது.

உள்ளே இருந்ததும் கணவர் தொடங்கினார். அந்த வசனத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரமெடுத்தது.

"மதினி. காக்கா குடிக்கல்ல."

"தெரியும் தம்பி," என்றார் மதினி.

தறிச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தினார்.

"நான்தானே அவருக்குப் பக்கத்துல படுத்த. அவர்ர வாய்ல வெத்திலைய விட வேற ஒண்டும் மணத்தில்ல. எண்ட காக்காமாருக்குச் சொன்னன். காதியாருக்குச் சொன்னன். புருசன மறைச்சிக் கதைக்காள் எண்டாங்க." பிறகு கணவரின் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கும் சொன்னன் தம்பி. கல்முனை பஸ் ஸ்டாண்டுல வெச்சி. நீங்க நிக்காமப் போன."

கணவரின் தலை குனிந்தது. "ஓம்," என்றார். "போனன்."  மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மதினி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து, கோப்பையைக் கொடுக்காமல் தன் கையாலேயே அவருக்குப் பருக்கினார். காக்காவுக்கும் அப்படித்தான் பருக்கியிருப்பார்.

பிறகு நான் நோயைப் பற்றிச் சொன்னேன். பரம்பரை என்ற சொல் வந்ததும் மதினி கையைக் காட்டி நிறுத்தினார்.

"றிஸ்வானுக்குமா?"

"வரலாம் மதினி. வராமலும் விடலாம். இப்பவே சொல்லேலா."

றிஸ்வான் கத்தாரில் இருக்கிறான். உயரமான கட்டடங்களில் கிரேன் ஓட்டுகிறான். மதினி போனை எடுத்தார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. திரையில் அவன் முகம் வந்தது. லத்தீப் காக்காவின் அதே அகன்ற பல், அதே சிரிப்பு. எங்களைக் கண்டதும் சலாம் சொன்னான்.

"மனே," என்றார் மதினி. "போனை எங்கயாச்சும் சாத்தி வெச்சிட்டு ஒருக்கா நடந்து காட்டு."

"என்ன உம்மா இது? ஒங்களுக்கு விசரா?"

"நட மனே."

அவன் சிரித்துக்கொண்டே போனைச் சாத்தினான். நெருக்கமான அறை. இரண்டு பக்கமும் தட்டுக் கட்டில்கள். மேலேயிருந்து யாருடையதோ கால்கள் தொங்கின. சாரனை மடித்துக்கட்டியவன், கதவுவரைக்கும் நடந்து, படை வீரனைப்போல ஒரு சலியூட் அடித்தான்.

"திரும்பி வா."

திரும்பினான். கால் நேராக வந்தது. எங்கும் பிடிக்கவில்லை.

"இன்னொருக்கா."

மறுபடியும் நடந்தான். மூன்றாவது முறை நடக்கும்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை. திரைக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தான். "உம்மா, என்ன நடந்த? சாச்சா, சொல்லுங்களேன். என்ன?"

நேராகத்தான் நடந்தான். அவனுடைய வயதில் அவன் வாப்பாவும் நேராகத்தான் நடந்தார். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"ஒண்டுமில்ல மனே," என்றார் மதினி. "வடிவா நடக்காய். லீவுல வா, கதைக்க இரிக்கி. வாற வெள்ளியும் எடுப்பன். நடந்து காட்டணும்."

"சரி உம்மா," என்றான்.

ஆனால் அவன் போனை வைக்கவில்லை. மதினியும் வைக்கவில்லை.